அடையாள எண்: பெயரா, திறவுகோலா?

‘உங்கள் ஐ.சி. நம்பர் என்ன?’ சிங்கப்பூரில் வாழும் தமிழர் ஒருவர் தம் வாழ்நாளில் மிகுதியாக விடையிறுத்த வினா இதுவாகத்தான் இருக்கும். மருத்துவமனையில், வங்கியில், பள்ளிச் சேர்க்கையின்போது, சிராங்கூன் சாலை அடகுக் கடையில், தேக்காவில் கைத்தொலைபேசி அட்டை விற்கும் கடையில், எங்கும் இதே வினாதான். நம் பெயரைக் கேட்டு எழுதுவோர் ஒவ்வோர் எழுத்துக்கும் தயங்குவர். எண்ணைக் கேட்டு எழுதுவோர் தயங்குவதில்லை. ஓர் எழுத்து, ஏழு இலக்கம், முடிவில் மீண்டும் ஓர் எழுத்து. இவ்வொன்பது குறிகளுள் ஓர் ஆள் அடங்கிவிடுகிறார்.

2024ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் இவ்வெண்ணைப் பற்றி நாடே பேசியது. அரசாங்க இணையத்தளம் ஒன்றில், வணிகப் பதிவேட்டில் இடம்பெற்ற ஒருவருடைய பெயரைத் தேடினால், அவருடைய அடையாள எண் முழுவதும் திரையில் தோன்றியது. மக்கள் திடுக்குற்றனர். அவ்வெண் மறைபொருள் அன்று, அதுவும் ஒரு பெயரைப் போன்றதே என்று அரசாங்கம் விளக்கம் தந்தது. அப்படியாயின் இத்தனை ஆண்டுகள் அதனைப் போற்றி மறைக்குமாறு எமக்குக் கற்பித்தது எதற்காக என்று மக்கள் வினவினர். இரு தரப்பார் கூற்றிலும் உண்மை உண்டு. அஃது எவ்வாறு என்பதை அறிய, இவ்வெண் வந்த வழியைச் சற்றுப் பின்னோக்கிச் சென்று காண வேண்டும்.

அதற்குமுன் சொல்லைப் பற்றி ஒரு சொல். ‘பிரைவசி’ என்பதனை நம்மவர் சிலர் அந்தரங்கம் என்றும், சிலர் தனியுரிமை என்றும் எழுதுகின்றனர். இரண்டும் ஒன்றெனக் கொள்வது பிழை. அந்தரங்கம் என்பது மறைத்து வைத்திருப்பது. தனியுரிமை என்பது, தன்னைப் பற்றிய செய்தியை யாருக்கு, எதற்காக, எவ்வளவு சொல்லலாம் என்பதைத் தானே ஆளும் உரிமை. என் பெயர் அந்தரங்கம் அன்று. ஆயினும் என் பெயரை வைத்து ஒருவர் கடன் வாங்கினால் என் உரிமை போயிற்று. சிங்கப்பூரின் அடையாள எண் பற்றிய வழக்கில், பேச்செல்லாம் முதற்சொல்லைச் சுற்றியே நடந்தது. இழப்பெல்லாம் இரண்டாவதில்தான் நேர்ந்தது.

தமிழருக்கு எண் ஏன் வேண்டியிருந்தது என்பதில் ஐயமில்லை. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே நமக்கு முன்னொட்டு. அரசாங்க ஏடுகள் இதற்கு ஒரு வழி கண்டு, ‘இன்னாரின் மகன்’, ‘இன்னாரின் மகள்’ என்பதன் ஆங்கிலச் சுருக்கத்தைப் பெயர்களின் நடுவே செருகின. அப்போதும், முத்துவின் மகன் ராமசாமிகள் எத்தனை பேர்! ஒரே பெயரை ஒரு குமாஸ்தா ஒருவகையாகவும் மற்றொரு குமாஸ்தா வேறுவகையாகவும் ஆங்கிலத்தில் எழுதிவிட, ஒரே மனிதர் ஏட்டில் இருவராகிவிட்ட கதைகளும் உண்டு. பெயர் செய்ய இயலாத வேலையை எண் செய்தது. ஆகவே தொடக்கத்தில் எண் என்பது திருத்தமான ஒரு பெயரே.

ஆனால் அதனைத் தாங்கி வந்த அட்டை அத்துணை எளிய நோக்கத்தோடு பிறக்கவில்லை. 1948ஆம் ஆண்டு மலாயாவிலும் சிங்கப்பூரிலும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. காட்டுக்குள் நின்று போராடிய கம்யூனிஸ்டுகளிடமிருந்து ஏனைய மக்களைப் பிரித்தறியும் பொருட்டு, அவசரகால விதிகளின்கீழ் மக்கள் பதிவு செய்யப்பெற்றுத் தாளால் ஆன அடையாள அட்டைகளைப் பெற்றனர். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் இவ்வட்டை தொழிலாளரை இருதலைக் கொள்ளி எறும்பாக்கிற்று. அட்டை இல்லையேல் காவலர் பிடிப்பர். அட்டை இருந்தால் காட்டிலிருந்து வருவோர் அதனைப் பறித்துக் கிழிப்பர். அட்டை வேண்டுமா என்று பால்வெட்டுத் தொழிலாளரை இரு சாராருமே கேட்கவில்லை.

விடுதலை பெற்ற சிங்கப்பூர் 1965இல் தேசியப் பதிவுச் சட்டத்தை இயற்றி, 1966இல் மறுபதிவைத் தொடங்கியது. குடிமக்களுக்கு இளஞ்சிவப்பு அட்டை. நிரந்தரவாசிகளுக்கு நீல அட்டை. அந்த நிற வேறுபாட்டின் பொருளை, பல்லாண்டு இங்கு உழைத்தும் நீல அட்டையோடு நின்றுவிட்ட முதியோர் நன்கறிவர். 1991இல் வங்கி அட்டை அளவினதாய்ப் புதிய நெகிழி அட்டை வந்தது.

எண்ணின் அமைப்பையும் ஈண்டு விளக்கிவிடுவது நலம், பின்னர் வேண்டியிருக்கும். 2000ஆம் ஆண்டுக்கு முன் பிறந்த குடிமக்களின் எண் ‘எஸ்’ என்னும் எழுத்திலும், அதன்பின் பிறந்தோரின் எண் ‘டி’ என்னும் எழுத்திலும் தொடங்கும். வெளிநாட்டவர்க்கு ‘எஃப்’, ‘ஜி’, 2022 முதல் ‘எம்’. 1968 முதல் இங்குப் பிறந்தோர்க்கு, முதலிரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டைக் குறிக்கும். ஈற்றிலுள்ள எழுத்து அழகுக்கு வைத்ததன்று. ஏழு இலக்கங்களையும் முறையே 2, 7, 6, 5, 4, 3, 2 என்பவற்றால் பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்து, மீதியைக் கொண்டு அவ்வெழுத்தைத் தீர்மானிப்பர். எழுதுவோர் ஓர் இலக்கத்தை மாற்றி எழுதிவிட்டால் ஈற்றெழுத்து பொருந்தாமல் பிழையைக் காட்டிக்கொடுக்கும். பிழை திருத்தவே அமைத்த நல்ல ஏற்பாடு இது.

இனி, பெயராக இருந்த எண் திறவுகோல் ஆன கதை. முகப்பில் இருப்பவருக்கு வந்தவர் யார் என்பது தெரிந்தால் மட்டும் போதாது. அவர் உண்மையில் அவர்தாமா என்பதும் தெரிய வேண்டும். முன்னதற்குப் பெயர் போதும். பின்னதற்குச் சான்று வேண்டும். நேரில் வந்தால் அட்டையிலுள்ள படமும் கைரேகையும் சான்று. தொலைபேசியில் அழைத்தால்? அங்கேதான் சோம்பல் நுழைந்தது. எண்ணையும் பிறந்த நாளையும் சொல்பவர் உரியவரே என்று கொள்ளும் வழக்கம் வளர்ந்தது. கணக்கு அறிக்கைகளை மின்னஞ்சலில் அனுப்பிய நிறுவனங்கள், அக்கோப்பைத் திறக்கும் மறைச்சொல்லாகவும் இவ்வெண்ணையே வைத்தன. வாசற்கதவில் எழுதியிருக்கும் பெயரையே சாவியாகவும் கொள்வதற்கு இது நிகர்.

இத்தவறு சிங்கப்பூருக்கே உரியதன்று. அமெரிக்காவில் 1936இல் முதியோர் உதவிக்கெனச் சமூகப் பாதுகாப்பு எண் வழங்கத் தொடங்கினர். 1938இல் நியூயார்க் மாநிலத்து லாக்போர்ட்டில் பணப்பை செய்யும் நிறுவனம் ஒன்று, பையினுள் அட்டை எவ்வளவு அழகாக அமரும் என்று காட்டுவதற்காக ஒரு மாதிரி அட்டையைச் செருகி விற்றது. அதில் அச்சிட்டிருந்தது அந்நிறுவனத்துச் செயலாளர் ஒருவரின் உண்மையான எண். மாதிரி என்று அச்சிட்டிருந்தும், பை வாங்கியோர் பலர் அதனையே தம் எண்ணெனக் கொண்டனர். காலப்போக்கில் 40,000 பேருக்கு மேற்பட்டோர் அவ்வெண்ணைத் தம்முடையதாகக் காட்டினர் என்று அத்துறையின் வரலாறு கூறுகிறது. அவர்கள் கள்வர் அல்லர். கையில் கொடுத்ததை நம்பியவர்கள். அட்டையை வடிவமைத்தவர் என்ன நினைத்தார் என்பது வேறு, பயன்படுத்துவோர் என்ன செய்வர் என்பது வேறு. இவ்வுண்மையைத் திரையும் செயலியும் அமைப்போர் இன்றளவும் மீண்டும் மீண்டும் கற்றுவருகின்றனர். 1946 முதல் அந்த அட்டைகளில், அடையாளம் காட்டுவதற்கு அன்று என்னும் குறிப்பையும் அச்சிட்டுப் பார்த்தனர். எவரும் பொருட்படுத்தவில்லை. 1972இல் அக்குறிப்பையே நீக்கிவிட்டனர்.

சிங்கப்பூருக்கு மீள்வோம். கடைத்தொகுதிகளில் அதிர்ஷ்டக் குலுக்கல் நடைபெறும்போது, பெயர், அடையாள எண், தொலைபேசி எண் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி, உள்ளிருப்பது வெளியே தெரியும் பெட்டியில் போட்டுவந்த காலம் நெடுங்காலம் அன்று. கட்டடங்களின் காவலரிடம் அட்டையையே ஒப்படைத்துவிட்டு உள்ளே செல்வதும் இயல்பாயிருந்தது. 2012இல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் ஆணையம் 2018 ஆகஸ்டில் வெளியிட்ட நெறிமுறை, சட்டம் கேட்டாலன்றி, அல்லது ஆளை ஐயந்திரிபற அறிய வேண்டிய தேவை இருந்தாலன்றி, நிறுவனங்கள் அடையாள எண்ணைப் பெறவோ அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளவோ கூடாது என்று கூறி, 2019 செப்டம்பர் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அரசாங்க அமைப்புகளை அச்சட்டம் கட்டுப்படுத்துவதில்லை. அவற்றுக்கு வேறு சட்டம், வேறு விதிகள்.

இடையிலேயே மக்களின் அச்சம் வலுக்கக் காரணங்கள் நேர்ந்தன. 2018 ஜூன் இறுதியிலும் ஜூலைத் தொடக்கத்திலும் சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்தின் கணினிகளில் புகுந்தோர், 15 இலட்சம் நோயாளிகளின் பெயர், அடையாள எண், முகவரி, பிறந்த நாள் முதலியவற்றைக் கவர்ந்தனர். அவருள் 160,000 பேருக்கு எழுதிக்கொடுத்த மருந்து விவரங்களும் போயின. அன்றைய பிரதமர் லீ சியன் லூங்கின் விவரங்களைத் தேடித் தேடி எடுத்தனர் என்பது பின்னர் வெளிப்பட்டது. 2019 ஜனவரியில், எச்.ஐ.வி. தொற்றுடைய 14,200 பேரின் பதிவேடு அடையாள எண்களோடு வெளியே சென்றதாக அறிவிக்கப்பட்டது. அவருள் 8,800 பேர் வெளிநாட்டவர். இவ்விரண்டாம் செய்தியைப் படித்தபோது, எண் பெயரைப் போன்றதுதான் என்னும் வாதத்தின் மற்றொரு பக்கம் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெயர் ஒத்த பலர் இருப்பதால், ஏட்டில் உள்ளவர் நான் அல்லேன் என்று சொல்ல இடமுண்டு. எண் ஒருவருக்கே உரியதாதலால் அவ்விடம் இல்லை.

2019இன் நெறிமுறை ஓர் இடைவழியையும் காட்டியிருந்தது: முழு எண்ணுக்கு மாற்றாக, ஈற்று மூன்று இலக்கங்களையும் இறுதி எழுத்தையும் மட்டும் பெறலாம். அன்று முதல் வரவேட்டிலும் இணையப் படிவத்திலும் பாதி எண் எழுதும் பழக்கம் பரவியது. முதற்பாதியை உடுக்குறியால் மூடிவிட்டதால் எல்லாம் பத்திரம் என்று நினைத்தோம். மேலே சொன்ன கணக்கை இங்குப் பொருத்திப் பாருங்கள். ஒருவர் பிறந்த ஆண்டு தெரிந்தால் முதலிரண்டு இலக்கம் தெரிந்தன. ஈற்று மூன்றும் தெரியும். எஞ்சியவை இரண்டு இலக்கங்களே. அவை 100 வகையில் அமையலாம். பிழை காட்ட வைத்த அந்த ஈற்றெழுத்தோடு பொருந்துவனவற்றை மட்டும் பொறுக்கினால், ஏறத்தாழ ஒன்பதே மிஞ்சும். ஒன்பதில் ஒன்று எது என்று கண்டறிவது கணினிக்கு ஒரு வேலையா?

நம் இலக்கியம் அறிந்தோர்க்கு இது புதுமையாகத் தோன்றாது. அகத்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டிச் சொல்லலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த மரபு. காதலுற்றவர் யாராயினும் ஆகலாம். இன்னார் என்று தெரிந்தால் அது அகமாகாது. நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில் பாண்டியன் பெயர் யாண்டும் இல்லை. பிரிவால் வாடும் அரசியும், பாசறையில் நள்ளிரவில் உலவும் அரசனும் பெயரின்றியே வருகின்றனர். ஆனால் அரசன்முன் செல்வோன் ஏந்திய வேலின் தலையில் வேப்பந்தழை கட்டியிருந்தது என்று ஒரு சிறு குறிப்பு உண்டு. வேம்பு பாண்டியர்க்கு உரியது. அந்த ஒரு தழையால் ஆள் இன்னார் எனப் புலப்பட்டுவிட்டமையின், இப்பாட்டு அகமன்று, புறமே என்று நச்சினார்க்கினியர் முடிவு செய்தார். அவர் முடிவை ஏலாத அறிஞரும் உளர். அவ்வழக்கு இங்கு வேண்டா. பெயரை மறைத்தாலும் ஓர் அடையாளம் எஞ்சினால் ஆள் வெளிப்படுவார் என்பதை நம் உரையாசிரியர் கண்டிருந்தார் என்பதே நமக்கு வேண்டுவது.

2020இல் கொவிட்-19 கிருமி பரவியது. ஏப்ரலில் கேலாங் சிராய் உள்ளிட்ட நான்கு சந்தைகளுக்குள் நுழைய, அடையாள எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றையாயின் ஒற்றைப்படை நாளிலும், இரட்டையாயின் இரட்டைப்படை நாளிலும் வர வேண்டும் என்று விதித்தனர். கீரை வாங்கும் நாளையும் அவ்வெண் குறித்தது. மே 12 முதல் கடைகளிலும் அலுவலகங்களிலும் ‘சேஃப்என்ட்ரி’ என்னும் வருகைப் பதிவு கட்டாயமாயிற்று. அட்டையின் பின்னுள்ள கோட்டுக்குறியைக் கருவி படித்ததும் வாயில் திறக்கும். அதற்கு முன்பே மார்ச் 20ஆம் நாள், யார் யார் அருகில் இருந்தோம் என்பதைக் கைத்தொலைபேசி வழியே குறித்துவைக்கும் ‘டிரேஸ்டுகெதர்’ செயலி வெளியாகியிருந்தது. அதன் அமைப்பில் அக்கறை இருந்தது என்பதை மறுக்கலாகாது. இருப்பிடத்தை அது குறிப்பதில்லை. தொடர்பு விவரங்கள் அவரவர் தொலைபேசியிலேயே 25 நாள் தங்கி அழிந்துவிடும்; தொற்று உறுதியானால்தான் அதிகாரிகளிடம் செல்லும். தொடர்புத் தடம் அறிய அன்றி வேறெதற்கும் பயன்படாது என்றும் மக்களிடம் கூறப்பட்டது. ஏறத்தாழ 78 விழுக்காட்டினர் சேர்ந்தனர்.

2021 ஜனவரி 4ஆம் நாள் நாடாளுமன்றத்தில் உள்துறைத் துணையமைச்சர் டெஸ்மண்ட் டான், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ்க் காவல்துறை அவ்விவரங்களைக் கேட்டுப் பெற இயலும் என்று தெரிவித்தார். கொலை வழக்கு ஒன்றில் அவ்வாறு நாடியதும் வெளியாயிற்று. மறுநாள் அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன், தாம் முன்னர் உறுதி கூறியபோது அச்சட்டத்தை நினைத்திருக்கவில்லை என்று அவையில் ஒப்புக்கொண்டார். பிப்ரவரி 2ஆம் நாளிலேயே, கொலை, பயங்கரவாதம், கடத்தல் போன்ற ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கன்றி அதனைப் பயன்படுத்தலாகாது எனச் சட்டம் நிறைவேற்றினர். தவறை மறைக்காமல் ஒரே திங்களில் வரம்பு கட்டியது பாராட்டத்தக்கதே. ஆயினும் முன்பு சேர்ந்தோர் வேறொரு சொல்லை நம்பிச் சேர்ந்தவர்கள்.

சேர்ந்தோர் எனப் பொதுவாகச் சொன்னேன். எல்லாரும் ஒரே வகையில் சேரவில்லை. ஏனையோர்க்கு அச்செயலி விருப்பமாக இருந்த 2020 ஜூனிலேயே, விடுதிகளில் தங்கியும் கட்டுமானம், கப்பல் பட்டறை முதலியவற்றில் உழைத்தும் வந்த வேலை அனுமதியாளர்கள் அதனைப் பதிவிறக்கியே ஆக வேண்டும் என்று மனிதவள அமைச்சு பணித்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் தேக்காவை நிறைத்து, ஊருக்குப் பணம் அனுப்பி, தோழரைக் கண்டு, வாழையிலையில் உண்டு திரும்பிய தமிழ்நாட்டு, வங்கதேசத் தொழிலாளரே இவர்களுட் பெரும்பாலோர். சிராங்கூன் சாலை அந்நாளில் வெறிச்சோடிக் கிடந்தது. 2021 செப்டம்பரில், தடுப்பூசி போட்டுக்கொண்டோருள் வாரத்திற்கு 500 பேர்வரை லிட்டில் இந்தியா முதலிய இடங்களுக்குச் சோதனை முறையில் வந்து செல்ல விடப்பட்டனர். 2022 ஜூன் 24 முதல், ஞாயிறுகளிலும் பொது விடுமுறைகளிலும் லிட்டில் இந்தியா, சைனாடவுன், கேலாங் சிராய், ஜூரோங் ஈஸ்ட் என்னும் நான்கு இடங்களுக்குச் செல்வோர் மட்டும் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும் என்று மாற்றினர். நாளொன்றுக்கு 80,000 பேர்வரை அனுமதி. அலுவலகத்தில் பணிபுரிவோர் அதே சாலைக்கு எந்த நாளிலும் தோசை உண்ண வந்து சென்றனர். திரையில் தோன்றும் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்னும் பொத்தான் இருவருக்கும் ஒரே வடிவினதே. ஒருவர்க்கு அது விடை. மற்றவர்க்கு அது வாயில்.

2023 பிப்ரவரி 9ஆம் நாள் டிரேஸ்டுகெதரும் சேஃப்என்ட்ரியும் நிறுத்தப்பட்டு, அந்த ஒரு கொலை வழக்குக்குரியது நீங்கலாக ஏனைய தடவிவரங்கள் அழிக்கப்பட்டன.

ஆயினும் எண் பற்றிய குழப்பம் எஞ்சியிருந்தது. பாதி மூடிய எண் பாதுகாப்புத் தராது என்பதை அதிகாரிகளும் உணர்ந்திருந்தனர். 2024 ஜூலையில், மூடிய எண்களைப் பயன்படுத்துவதை விடுமாறு அரசாங்க அமைப்புகளுக்கு ஒரு சுற்றறிக்கை சென்றது. மூடிய எண்ணை விடு என்றால், எண்ணையே விடு என்பதா, அன்றி மூடியை மட்டும் எடு என்பதா? கணக்கியல், நிறுவனக் கட்டுப்பாட்டு ஆணையம் பின்னதாகப் பொருள் கொண்டது. டிசம்பர் 9ஆம் நாள் திறந்த அதன் புதிய ‘பிஸ்ஃபைல்’ தளத்தில், பெயரைத் தட்டியதும் முழு எண்ணும் கட்டணமின்றித் தோன்றியது. 13ஆம் நாள் இரவு அத்தேடலை மூடும்வரை ஐந்து நாளில் 500,000க்கும் மேற்பட்ட தேடல்கள் நிகழ்ந்தன. வழக்கமாக நாளொன்றுக்கு 2,000 முதல் 3,000 வரையே. 19ஆம் நாள் அமைச்சர்கள் ஜோசஃபின் டியோவும் இந்திராணி ராஜாவும் மக்களிடம் மன்னிப்புக் கோரினர். அரசாங்கச் சேவைத் தலைவர் லியோ இப் தலைமையிலான மறுஆய்வுக் குழு 2025 மார்ச்சில் தந்த அறிக்கை, சுற்றறிக்கையின் தெளிவின்மையையும் ஆணையத்தின் குறைகளையும் எடுத்துக் கூறியது.

எண் பெயரே என்னும் அரசாங்கத்தின் கொள்கை, கணக்கறிந்தோர் கூற்றுப்படி சரியானது. முறை பிறழ்ந்தது வரிசையில். திறவுகோலாக அதனைப் பயன்படுத்தும் வழக்கத்தை முதலில் ஒழித்துவிட்டு, அதன்பின் எண்ணை வெளியிட்டிருந்தால் பூட்டிய வீடு பூட்டியபடி இருந்திருக்கும். இங்கோ, பூட்டை மாற்றுமுன் சாவி தெருவில் தொங்கிற்று. 2025 ஜூனில்தான், ஆளை உறுதிசெய்யும் சான்றாக அடையாள எண்ணைக் கொள்வதை விடுமாறு தனியார் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தல் வந்தது. எண்ணோடு பிறந்த நாளைச் சேர்த்து அமைக்கும் மறைச்சொல்லும் அதில் அடங்கும்.

இந்தியாவில் ஆதார் எண்ணை ஒட்டி எழுந்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தனியுரிமை அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தனர். வழக்குத் தொடுத்த புட்டசாமி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி. சிங்கப்பூரின் அரசியலமைப்பில் அத்தகைய உரிமை தனித்துக் கூறப்படவில்லை. இங்கு அது சட்டங்களாலும் நெறிமுறைகளாலும், முகப்பில் இருப்பவர் எதைக் கேட்கிறார் என்பதாலும் அமைகிறது.

மறைச்சொல் வெளிப்பட்டால் மாற்றிக்கொள்ளலாம். பெயர் பிடிக்கவில்லையாயின் வழக்கறிஞரிடம் சென்று பத்திரம் எழுதி மாற்றிக்கொள்ளலாம். லாக்போர்ட்டுப் பணப்பையால் எண்ணை இழந்த செயலாளருக்கும், பழைய எண்ணை நீக்கிவிட்டு அத்துறையினர் புதிய எண் வழங்கினர். 2024 டிசம்பரில் எண் வெளிப்பட்ட சிங்கப்பூரர்கள் பிறப்புச் சான்றிதழில் எழுதித் தந்த அதே எண்ணோடுதான் இன்றும் முகப்புகளுக்குச் செல்கின்றனர்.